ஒரு நாளைக்கு ஓர் இடம்: லண்டன் நாட்குறிப்பு

2024 ஜூலை 2, செவ்வாய்

லண்டனில் என் மகள் முதலில் பார்த்தது நரி. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்துவிட்டாள். திருச்சியில் அப்போது ஏழரை, அவள் வயிறு இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஜன்னலில் ஏற்றி நிற்க வைத்தேன். "அப்பா, நாய்!" என்றாள். பார்த்தால் செம்பழுப்பில் புசுபுசு வாலோடு ஒரு நரி, பக்கத்து வீட்டுக் குப்பைப் பையை நிதானமாகக் கிழித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் இது சகஜமாம். நரி முகத்தில் முழித்தால் நல்லது என்று அம்மா சொல்வாள். போனில் சொன்னேன், சந்தோஷப்பட்டாள்.

மனைவிக்கு அலுவலகத்தில் மூன்று வாரப் பயிற்சி. நான் விடுப்பு போட்டுவிட்டு நாலு வயதுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு மாடியில் அறை. தெருவில் இறங்கினால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தமிழ்ப் பெயர்ப்பலகையும். விமானத்தில் உட்கார்ந்து நான் எழுதிய பட்டியலில் 23 இடங்கள் இருக்கின்றன.

இன்று அந்த 23-இல் ஒன்றுக்கும் போகவில்லை. மாடி பஸ்ஸில் மேலே, முன் வரிசையில் உட்கார்ந்து ஒரு கடைசி நிறுத்தத்திலிருந்து இன்னொரு கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு வந்தோம். எனக்கு 1.75 பவுண்டு, அவளுக்கு ஒன்றுமில்லை. மரக்கிளைகள் கண்ணாடியில் அடிக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். மாலை ஐந்து மணிக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிப்போனாள்.

2024 ஜூலை 3, புதன்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். டிஸ்ட்ரிக்ட் லைனில் ரயில் மாறாமல் ஐம்பது நிமிடம். சவுத் கென்சிங்டனில் இறங்கினால் படிகள். லண்டன் பாதாள ரயில் ஓடத் தொடங்கியது 1863-இல். அன்றைக்குத் தோண்டியவர்கள் ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தைத் தள்ளுவண்டியை, நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மொத்தம் 272 நிலையங்கள், படியில்லாமல் போய்வரக்கூடியவை சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நான் படிக்கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குள் கோட்டு போட்ட ஒருவர் ஸ்ட்ரோலரின் முன்பக்கத்தைத் தூக்கினார். மேலே வைத்தார், போய்விட்டார். நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் ரயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, ஆனால் படிக்கட்டில் மட்டும் கை நீள்கிறது.

உள்ளே நுழையக் காசு கிடையாது. நடு மண்டபத்தின் கூரையிலிருந்து நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்று, வாயைப் பிளந்தபடி நம்மை நோக்கிப் பாய்வதுபோலத் தொங்குகிறது. 25.2 மீட்டர். நேற்றைய மாடி பஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அதைவிட இது நீளம். 1891-இல் அயர்லாந்தில் வெக்ஸ்ஃபோர்டு பக்கம் கரை ஒதுங்கியது. 'ஹோப்' என்று பெயர் வைத்து 2017-இல் இங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இதோட மீதி எங்கப்பா?"

அப்புறம் டைனோசர் பகுதி. அங்கே டி. ரெக்ஸ் பொம்மை ஒன்று தலையைத் திருப்பி உறுமும். திருப்பியது. உறுமியது. அடுத்த நொடி என் கழுத்தில் பத்து நகங்கள். வெளியே வந்த பிறகும் பதினைந்து நிமிடம் கண்ணைத் திறக்கவில்லை.

அவளைத் தேற்றியது ஒரு நகரும் படிக்கட்டு. பூமியைப் பற்றிய பகுதியில், பெரிய உலோக உருண்டை ஒன்றின் வயிற்றுக்குள் நுழைந்து மேலே போகிறது. ஆறு தடவை போனோம். கோடிக்கணக்கான பொருட்கள் உள்ள இடத்தில் நான் பார்த்தவை ஒரு திமிங்கிலம், ஒரு பொம்மை, ஒரு எஸ்கலேட்டர். தயிர்ச்சாத டப்பாவை வெளியே புல்வெளியில் காலி செய்துவிட்டுத் திரும்பினோம்.

2024 ஜூலை 4, வியாழன்

ஓய்வு. இங்கே இன்று பொதுத் தேர்தல். தெருமுனைச் சர்ச்தான் வாக்குச்சாவடி. கட்சிக் கொடி இல்லை, மைக் இல்லை, சாமியானா இல்லை. வாசலில் ஒரு நாய் கட்டிப்போடப்பட்டிருந்தது, அதன் முதலாளி உள்ளே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இவளுக்கு அந்த நாய் போதுமானதாக இருந்தது.

கீழே மளிகைக் கடையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். "நான் காலமையே போட்டிட்டன் தம்பி" என்றார். என்னையறியாமல் அவர் விரலைப் பார்த்தேன். மை இல்லை. இங்கே மை வைப்பதில்லையாம், சீட்டில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டால் முடிந்தது. "பென்சிலா?" என்று நான் கேட்ட விதத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் கையில் ஒரு ரோல்ஸைக் கொடுத்து, "பிள்ளைக்கு உறைக்காது, குடுங்கோ" என்றார். உறைத்தது.

2024 ஜூலை 6, சனி

மனைவிக்கு விடுமுறை, அதனால் டவர் ஆஃப் லண்டன் கோட்டை. ஜூலையில் ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு. ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, ஆனால் எங்கள் இரண்டு பேருக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். இங்கே பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்க்கக் கூடாது என்று விதி வைத்திருந்தோம். டிக்கெட் வாங்கும்போதே நான் அதை மீறிவிட்டேன்.

நான் பார்க்க வந்தது கோகினூர். வரிசையில் நின்று இருட்டறைக்குள் போனால், கிரீடங்களுக்கு முன்னால் தரை தானாக நகர்கிறது. யாரும் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. இவளுக்கோ மறுபடியும் ஒரு நகரும் படிக்கட்டு, அதுவும் படுத்துக்கொண்டிருப்பது! கண் கிரீடத்தில் இல்லை, காலடியில். 1937-இல் செய்த அந்தக் கிரீடம் நெருங்குகிறது, 105 காரட் கல் அதோ என்று நான் கையை நீட்டுகிறேன், "அப்பா, மூச்சா வருது." கோல்கொண்டா, பாரசீகம், லாகூர் எல்லாம் தாண்டி வந்த கல்லை நான் பார்த்தது ஓடிக்கொண்டே, இரண்டு நொடி.

அவளுடைய கோகினூர் வெளியே புல்தரையில் உட்கார்ந்திருந்தது. அண்டங்காக்கைகள். குறைந்தது ஆறு எப்போதும் இருந்தாக வேண்டுமாம், அவை போய்விட்டால் கோட்டையும் ராஜ்யமும் விழுந்துவிடும் என்பது கதை. கதையை நம்பாதவர்கள்கூட ஆறுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவற்றைக் கவனிக்கத் தனியாக ஒரு காவலர் உண்டு. தீனி பச்சை இறைச்சி, கூடவே ரத்தத்தில் ஊறவைத்த பிஸ்கட். அந்த பிஸ்கட்டை நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாது. "பாட்டி காக்காவுக்குச் சோறுதானே வைப்பாங்க, இதுக்கு மட்டும் ஏன் ரத்தம்?" கேள்வியை அவள் அம்மாவிடம் தள்ளிவிட்டேன். பிறகு அவளே கம்பி வேலி ஓரமாகக் குந்தி, பாட்டி கூப்பிடுகிற மாதிரியே "கா, கா" என்று கூப்பிட்டாள். கோழி அளவு இருந்த அந்தப் பறவை திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த ஜப்பானியக் குடும்பமும் கூப்பிட ஆரம்பித்தது.

மழை விட்டதும் டவர் பிரிட்ஜ். பாலம் எப்போது திறக்கும் என்பதை அவர்களே முன்கூட்டி வலைத்தளத்தில் போட்டுவிடுகிறார்கள், வருடத்துக்குச் சுமார் 800 தடவை. மனைவிதான் நேரம் பார்த்து வைத்திருந்தாள். சாலை நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் எழுந்தது, தலையில் கொடி கட்டிய பாய்மரப் படகு ஒன்று போயிற்று. பஸ்களும் கார்களும் அந்த ஒரு படகுக்காக நின்றன. 1894-இல் பாலம் கட்டியதிலிருந்து ஆற்றுக்குத்தான் முதல் மரியாதை. அன்று நாங்கள் மூன்று பேரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் வாயைப் பிளந்து பார்த்தது இது ஒன்றுதான்.

2024 ஜூலை 8, திங்கள்

கற்றுக்கொண்ட பாடம்: ஒரு நாளைக்கு ஓர் இடம், ஒரு விளையாட்டு, வழியில் கழிப்பறை எங்கே என்பது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

இன்று கிரீனிச். நேராகப் போகாமல் டி.எல்.ஆர். (டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயிலில் ஐலண்ட் கார்டன்ஸ் வரை போனோம், இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, அந்த ரயிலில் ஓட்டுநர் அறை கிடையாது. முதல் பெட்டியின் முன் இருக்கை காலியாக இருந்தால் நாம்தான் ஓட்டுநர். இருந்தது. கேனரி வார்ஃப் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து அவள் ஓட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு நிலையத்திலும் பிரேக் போட்டது அவள்தான்.

இரண்டாவது, தேம்ஸ் நதிக்கு அடியில் நடந்து போகலாம். 1902-இல் திறந்த சுரங்கப்பாதை. அக்கரையில் குடியிருந்த கூலித்தொழிலாளிகள் இக்கரையின் கப்பல்துறைக்கு வேலைக்குப் போவதற்காக வெட்டியது. 370 மீட்டர், தரைக்குக் கீழே பதினைந்து மீட்டர், சுற்றிலும் வெள்ளை ஓடு. "மேல தண்ணியா? மீனா? படகா?" ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொன்னேன். "அப்ப நம்ம மேல ஏன் ஒழுகல?" நான் கணக்குப்பிள்ளை. இரும்பு வளையம், சிமெண்ட் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் அதற்குள் குரல் எதிரொலிப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அக்கரை வரும்வரை "கா, கா" தான்.

மலைமேல் வானாய்வகத்தின் கூரையில் ஒரு சிவப்பு உருண்டை இருக்கிறது. 12.55-க்குப் பாதிக் கம்பம் ஏறும், 12.58-க்கு உச்சி, சரியாக ஒரு மணிக்கு விழும். 1833-லிருந்து நடக்கிறது, ஆற்றில் நிற்கும் கப்பல்கள் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதற்காக. அரை மணி நேரம் முன்னதாகவே போய் நின்றோம். வாசலில் உள்ள பழைய கடிகாரம் என்னைக் குழப்பியது. அதில் 24 மணிக்கும் எண்கள், நடுப்பகல் பன்னிரண்டு அடியில் இருக்கிறது. கோடைக்கும் மாறாமல் கிரீனிச் நேரத்தையே காட்டுவதால் என் கைக்கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிற இடத்தில் நின்று மணி என்ன என்று பக்கத்தில் ஒருவரிடம் கேட்டேன்.

உருண்டை ஏறியது. "பாரு, பாரு, விழப்போகுது." ஐந்து நிமிடம் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி. உருண்டை விழுந்தது. அவள் எதிர்ப்பக்கம் ஓடிய அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை போடச் சொல்லுப்பா." நாளைக்குத்தான் போடுவார்கள் என்றதும் அழுகை. சறுக்கலான புல்வெளியில் உருண்டு இறங்கவிட்டதும் சரியாயிற்று.

2024 ஜூலை 10, புதன்

மழை. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்புவின் புலி. வெள்ளைக்கார சிப்பாய் ஒருவன் மேல் ஏறிக் கழுத்தைக் கடிக்கிற ஆளுயர மரப்பொம்மை. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், சிப்பாய் அலறுவான். 1799-இல் சீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொண்டுவந்தது. ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் இருந்தபோது வந்தவர்கள் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள், இப்போது கண்ணாடிக்குள். டி. ரெக்ஸ் நினைவில் நான் தயங்கினேன். அவளோ, "பொம்மைதானே? சாவி கொடுக்கச் சொல்லு" என்று கண்ணாடியைத் தட்டினாள். முக்கால் மணி நேரம். நானும் அதிலேயே லயித்துவிட்டேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கோகினூர் கிடைக்காத வருத்தம் இதில் தீர்ந்தது.

இரவு ஒன்பது மணிக்கும் வெயில். "சூரியன் தூங்கலையே" என்பவளிடம் என்ன வாதாடுவது?

2024 ஜூலை 11, வியாழன்

லண்டன் ஐ ராட்டினத்தின் காலடியிலேயே ஒரு விளையாட்டிடம் உண்டு, மரக்கட்டைகளும் கயிறுமாக, இலவசம். மூன்று மணி நேரம் அங்கேதான். நான் பெஞ்சில் உட்கார்ந்து ராட்டினத்தின் கூண்டுகளை எண்ணினேன். மொத்தம் 32, ஆனால் கடைசி எண் 33. பதின்மூன்றை விட்டுவிட்டார்கள். ராகுகாலம் பார்க்கிற என் மாமனாரிடம் சொன்னால் இந்த ஊர்மேல் அவருக்கு மரியாதை வரும்.

திரும்பும்போது நடைபாலம் வழியாக எம்பேங்க்மெண்ட் நிலையம். ரயிலுக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் 'மைண்ட் த கேப்' அறிவிப்பைப் பத்து நாளாகக் கேட்டுக் கேட்டு, அதைச் சொல்கிற மாமா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதற்குப் பதில் சொல்ல ஏற்ற இடம் இது. நார்தர்ன் லைனில் வடக்கே போகும் தளத்தில் மட்டும் குரல் வேறு. ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகருடையது. அவர் 2007-இல் இறந்துபோனார். அவர் மனைவி அவ்வப்போது இங்கே வந்து உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் போவாராம். 2012-இல் புதுக்குரல் போட்டுவிட்டார்கள். அந்த அம்மா போய்க் கேட்டதும், 2013-இல் இந்த ஒரு தளத்துக்கு மட்டும் பழைய குரலைத் திரும்பப் போட்டார்கள்.

எங்களுக்கு அந்த ரயிலில் வேலையே இல்லை. ஆனாலும் இறங்கிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். ரயில் வந்தது, கதவு திறந்தது, கனத்த குரல் மூன்று சொல் சொன்னது. நாலு ரயில்களை விட்டோம்.

"இந்தத் தாத்தாவுக்கு வேற எதுவும் பேசத் தெரியாதா?"

"இங்க இவ்வளவுதான்."

"அந்தப் பாட்டி இதையேவா கேட்டாங்க?"

"ஆமா."

ஐந்தாவது ரயிலுக்கு அவளும் சேர்ந்து சொன்னாள், கட்டைக் குரலில். பிறகு மேலே ஏறி டிஸ்ட்ரிக்ட் லைனைப் பிடித்தோம். கதவு மூடியதும் அடுத்த நிலையத்தின் பெயரை ஒரு பெண் குரல் சொன்னது. அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இவங்களை யாருப்பா வந்து கேப்பாங்க?"