ஐஎம்எக்ஸ்219 கேமரா டிரைவரில் பவர் சப்ளையைச் சரிசெய்த விதம்

ராஸ்பெர்ரி பை கேமரா மாட்யூல் 2-இல் வரும் சோனி ஐஎம்எக்ஸ்219 சென்சாருக்கு மூன்று சப்ளைகள் வேண்டும்: அனலாக் பகுதிக்கு 2.8 வோல்ட், ஐஓ-வுக்கு 1.8, டிஜிட்டல் கோருக்கு 1.2. பேட்டரியில் ஓடும் எங்கள் போர்டில் மூன்றுக்கும் தனித்தனி எல்டிஓ (வோல்ட்டேஜைக் குறைத்து நிலையாகத் தரும் சிப்). ஒவ்வொன்றின் எனேபிள் பின்னும் ஒரு ஜிபிஐஓ-வில் (மென்பொருளால் ஹை, லோ ஆக்கக்கூடிய பின்னில்) இருக்கிறது. படம் எடுக்காதபோது மூன்றும் அணைந்திருக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலில் சப்ளைகளைக் கையாளும் பகுதியான ரெகுலேட்டர் ஃபிரேம்வொர்க்கில் இதைச் செய்து முடிக்கும்வரை கவனிக்க வேண்டியிருந்தவை இவை.

முதலில் டிவைஸ் ட்ரீ, அதாவது போர்டில் என்னென்ன எப்படி இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு. ஜிபிஐஓ-வால் இயங்கும் எல்டிஓ-வை 'ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்டு' என்று எழுதுவோம். எனேபிள் பின் ஹை ஆனால்தான் எல்டிஓ வேலை செய்யும் என்றால், 'எனேபிள்-ஆக்டிவ்-ஹை' என்ற வரி கட்டாயம். ஜிபிஐஓ கொடியில் ஆக்டிவ் ஹை என்று போட்டாலும் போதாது. இந்த வரி இல்லாவிட்டால் கெர்னல் அதை ஆக்டிவ் லோ என்றே எடுத்துக்கொள்ளும். டிரைவர் 'ஆன்' என்று கேட்கும்போது எல்டிஓ அணையும், பிழைச் செய்தி எதுவும் வராது. எல்டிஓ எழும்பும் நேரத்தை 'ஸ்டார்ட்அப்-டிலே-யுஎஸ்' என்ற வரியில் மைக்ரோவினாடியில் கொடுங்கள். அதை டிரைவருக்குள் எழுதினால் அடுத்த போர்டில் பொருந்தாது.

அடுத்தது டம்மி ரெகுலேட்டர். சப்ளையின் பெயரை டிவைஸ் ட்ரீயில் ஓர் எழுத்து மாற்றி எழுதினாலும் டிரைவர் சப்ளையைக் கேட்கும் 'ரெகுலேட்டர் கெட்' அழைப்பு தோற்காது. கெர்னல் எதையும் ஆன் செய்யாத ஒரு டம்மியைத் தரும், எனேபிளும் வெற்றி என்றே சொல்லும், பின்னில் மட்டும் வோல்ட்டேஜ் இருக்காது. பூட் லாகில் 'யூசிங் டம்மி ரெகுலேட்டர்' என்ற வரியைத் தேடுங்கள். பிறகு மல்டிமீட்டரைச் சென்சார் பக்கத்து கெப்பாசிட்டரில் வைத்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் ரிட்டர்ன் மதிப்பை நம்பவே கூடாது. ரெகுலேட்டர் டிரைவர் இன்னும் ஏறாததால் -517 ('பிறகு முயற்சி செய்' என்ற குறியீடு) வந்தால் அது பிழையல்ல. அதை அப்படியே திருப்பி அனுப்பினால் புரோப் (டிரைவர் சாதனத்தைத் தொடங்கிவைக்கும் பகுதி) பிறகு மறுபடி ஓடும்.

ஆன் செய்யும் வரிசை: மூன்று சப்ளைகள், பிறகு கடிகாரம், பிறகு எக்ஸ்சிஎல்ஆர் என்ற ரீசெட் பின்னை ஹை ஆக்குவது. அதன்பின் 6200 மைக்ரோவினாடி காத்திருக்க வேண்டும். அந்த எண் வரும் வழி இது: எக்ஸ்சிஎல்ஆர் எழுந்தபின் அதிகபட்சம் 200 மைக்ரோவினாடி, அதன்மேல் நிலையான 6000. சென்சாருக்குக் கடிகாரத்தின் 32,000 சுற்றுகளும் தேவை. ஆனால் அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த 6 மெகாஹெர்ட்ஸிலும் அது 5333 மைக்ரோவினாடிதான், 6000-க்குள் அடங்கிவிடும். இதைக் குறைத்தால் சிப் ஐடி வாசிப்பு சில பூட்டில் மட்டும் தோற்கும்; அந்த வகைப் பழுதுதான் தேடுவதற்கு மிகக் கடினம்.

மூன்று சப்ளைகளையும் பல்க் எனேபிளால் ஒன்றாகப் போட்டால் அவை இணையாக எழும்பும், முன்பின் உத்தரவாதம் கிடையாது. டேட்டாஷீட் வரிசை கேட்கும் சிப்புகளுக்குத் தனித்தனியாகத்தான் எனேபிள் செய்ய வேண்டும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது அணைக்கும் பக்கம். 1.8 வோல்ட் ரெயிலை (சப்ளை இணைப்பை) அணைத்தபிறகும் அதில் வோல்ட்டேஜ் பாதியில் நின்றது. சென்சாரோடு பேசும் ஐ2சி பஸ்ஸின் கம்பிகளை ஹையில் வைத்திருக்கும் புல்-அப் ரெசிஸ்டர்கள் எப்போதும் ஆனாக இருக்கும் வேறொரு 1.8 வோல்ட்டில் இருந்ததால், சென்சாரின் பாதுகாப்பு டையோடுகள் வழியே மின்சாரம் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. முழுதாக அணையாத சிப் ரீசெட் ஆகாது. அடுத்த ஆனில் பழைய நிலையிலேயே எழுந்து ஐ2சி தொடர்பு தோற்றதைச் சொல்லும் -5 அல்லது -121 பிழையைக் கொடுக்கும். அந்த பஸ்ஸில் வேறு சிப் இல்லாததால் புல்-அப்களைச் சென்சாரின் சொந்த 1.8-க்கே மாற்றினோம். அணைத்ததும் அவுட்புட்டை டிஸ்சார்ஜ் செய்யும் எல்டிஓ போட்டு, அணைத்தபின் மறுபடி ஆன் செய்யுமுன் காத்திருக்கச் சொல்லும் 'ஆஃப்-ஆன்-டிலே-யுஎஸ்' வரியும் சேர்த்தோம்.

எனேபிள் எத்தனையோ டிசேபிளும் அத்தனை. ரன்டைம் பிஎம் (பயன்பாட்டில் இல்லாத சாதனத்தைக் கெர்னல் அணைத்துவைக்கும் ஏற்பாடு) ஏற்கெனவே அணைத்துவிட்ட சென்சாரை, டிரைவரை நீக்கும்போது ஓடும் ரிமூவ் மறுபடி அணைத்தால் 'அன்பேலன்ஸ்டு டிசேபிள்ஸ்' எச்சரிக்கை வரும். அதனால் ரிமூவில் முதலில் நிலையைக் கேட்டு, சஸ்பெண்ட் ஆகாமல் இருந்தால் மட்டும் அணைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் டீபக்எஃப்எஸ்-ஸில் (கெர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடத்தில்) 'ரெகுலேட்டர் சம்மரி' கோப்பைத் திறந்து பாருங்கள். எந்த ரெயிலை யார் பிடித்திருக்கிறார்கள், எத்தனை முறை எனேபிள் ஆகியிருக்கிறது என்பது அதில் தெரியும். பூட் முடிந்து 30 வினாடி கழித்தே பாருங்கள். யாரும் கேட்காத ரெகுலேட்டர்களைக் கெர்னல் அப்போதுதான் அணைக்கும்.