தாது வருஷத்தில் கப்பலேறிய பாட்டி

எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) தன் பாட்டியை ‘நேட்டால்காரி’ என்றுதான் கடைசிவரை சொன்னார். தாது வருஷப் பஞ்சத்தில், மூத்த பெண்ணை ஆத்தூரில் தன் தாயிடம் விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனவர். ஊரில் நின்றுபோன அந்த மூன்று வயதுப் பெண்தான் அம்மாயியைப் பெற்றவர். பிள்ளையை விட்டுப் போனவள் என்ற கோபம் எங்கள் வீட்டுப் பெண்களிடம் மூன்று தலைமுறையாக இருந்தது.

அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு அந்தக் கோபம் இல்லை. 1876இல் மழை பொய்த்தது, அடுத்த வருஷமும் சரியில்லை. சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்டது. நிவாரண வேலையில் கல் உடைத்தால் ஆணுக்கே நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) தானியமும் ஓரணாவும்தான் என்று 1877இல் பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். பெண்ணுக்கு அதற்கும் கீழே. நேட்டால் கரும்புத் தோட்டத்திலோ ஐந்து வருஷ ஒப்பந்தம், சாப்பாடு போக மாதம் பத்து ஷில்லிங், அன்றைய கணக்கில் ஐந்து ரூபாய். பெண்ணுக்கு அதில் பாதிதான். இருந்தாலும் சோறு நிச்சயம். இரண்டு குழந்தைகளில் ஒன்றையாவது தூக்கிக்கொண்டு ஓடியவரை எப்படிக் குறை சொல்வது?

இந்தப் பக்கம் தேடினால் அவர் எங்குமே இல்லை. பட்டா ஆண்கள் பெயரில். 1881 ஜனத்தொகைக் கணக்கில் தலைகளை எண்ணினார்களே தவிர, வீடு வீடாக எழுதிய தாள்களை வைத்திருக்கவில்லை. அமெரிக்காவில் 1850இலிருந்தே, அடிமைகளாக இருந்தவர்களைத் தவிர, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும், பெண்கள் குழந்தைகள் உட்பட, கணக்கெடுப்பில் இருக்கிறது என்று அங்கே வேலை பார்க்கும் என் மகன் சொன்னபோது பொறாமையாகத்தான் இருந்தது.

ஆனால் கப்பலேறியவர்களை வெள்ளைக்காரன் விடாமல் எழுதி வைத்தான். 1860 நவம்பரில் முதல் கப்பலான ‘ட்ரூரோ’ நேட்டாலின் துறைமுகமான டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் ஏறியவர்கள். ஆளுக்கொரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் அந்தப் பட்டியல்களில் உண்டு. இப்போது கணினியிலேயே தேடலாம்.

அதில்தான் அவரைப் பார்த்தேன். ஜில்லா சேலம், தாலுகா ஆத்தூர், வயது இருபத்து நான்கு. தகப்பன் பெயர் அம்மாயி சொன்னதேதான். இடது முழங்கையில் தழும்பு. அடுத்த எண் ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு. புருஷன் என்று யாரும் கூட இல்லை. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அதே பெயரில் இன்றும் ஒரு பெண் இருக்கிறாள்.

அதற்கப்புறம் நான் அதிகம் யோசித்தது அந்தப் பயணத்தைத்தான். ஆத்தூருக்கு அப்போது ரயில் கிடையாது. குழந்தையோடு சேலம் வரை நடை அல்லது வண்டி, சூரமங்கலத்தில் ரயில், சென்னையில் கப்பல் வரும்வரை ஆட்களைத் தங்கவைத்த கூலி டிப்போ. துறைமுகமும் கட்டி முடியவில்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலைக்குள் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். வசிஷ்ட நதியைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத பெண் அவர்.

ஐந்து வருஷம் முடிந்தும் அவர் திரும்பவில்லை. கூடப் போன குழந்தையின் கல்யாணம் அங்கேயே பதிவாகியிருக்கிறது. அந்த வழியில் வந்த ஒரு அக்காவோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன். அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பிள்ளைகள் இருந்ததே அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பழைய சேலம் ஜில்லாவில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல், திருப்பத்தூர் எல்லாம் அடக்கம். உங்கள் வீட்டிலும் ‘நேட்டால் போனவர்’ கதை இருந்தால், தகப்பன் பெயரையும் தாலுகாவையும் வைத்துத் தேட ஆரம்பியுங்கள். பெயரை மட்டும் போட்டால் குமாஸ்தா எழுதிய எழுத்துக்கூட்டலில் ஆள் கிடைப்பது கஷ்டம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.