ஏழரைக்குள் வீடு: சேத்தக் ஸ்கூட்டரும் என் ஞாயிற்றுக்கிழமையும்

ஞாயிறு காலை ஐந்தரைக்கு என் சேத்தக் ஸ்கூட்டரில் கோவை சிங்காநல்லூரில் கிளம்பி, உக்கடம், பேரூர் தாண்டி, சிறுவாணி ரோட்டில் இருட்டுப்பள்ளம் வரைக்கும் போய்விட்டு ஏழரைக்குள் வீட்டுக்கு வந்துவிட முடிகிறது. போன சித்திரையில் ஆரம்பித்தபோது பேரூர்தான் எல்லை. அன்றைக்கும் இரண்டு மணி நேரம்தான், இன்றைக்கும் இரண்டு மணி நேரம்தான். தூரம் மட்டும் கூடியிருக்கிறது. வேலைக்குப் போகும் கணவன் மனைவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், வயதான அம்மா என்று நிறைந்த வீட்டில் இருந்துகொண்டு வண்டி ஓட்ட ஆசைப்படும் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

வண்டி பஜாஜ் சேத்தக். 1972-இல் வந்த வரிசையில் பிந்தைய மாடல். டூ-ஸ்ட்ரோக், கை கியர், பத்து அங்குல சக்கரம். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வைத்திருந்ததை வாங்கினேன். பதினைந்து வருடம் கடந்த வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ.வில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வேலை முடிந்த பிறகுதான் ரோட்டில் இறக்கினேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனைவி ஆசிரியை. வாரம் முழுக்க அவருக்கும் மூச்சு விட நேரமில்லை. அதனால் ஞாயிறு காலை ஐந்தரை முதல் ஏழரை வரை எனக்கு, சனி மாலை இரண்டு மணி நேரம் அவருக்கு என்று பேசிக்கொண்டோம். சனிக்கிழமை அவர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் தோழிகளோடு நடக்கப் போய்விடுவார். இரவுச் சமையல், பையனுக்குக் குளியல், அம்மாவுக்கு மாத்திரை எல்லாம் அன்று என் பொறுப்பு. இந்தப் பாதி இல்லாமல் அந்தப் பாதி ஒரு மாதம்கூட நிற்காது. ஆண்களாகிய நாம் இதை முதலில் பேசி முடித்துவிட்டு அப்புறம் சாவியைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது நான் வைத்துக்கொண்ட ஒரே விதி. ஊரைப் பார்த்துத் திரும்புவதில்லை, கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புவது. ஆறரை அடித்தால் எங்கே இருக்கிறேனோ அங்கேயே யு-டர்ன். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல ஆலாந்துறை" என்று மனசு இழுக்கும். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு நான் எங்கே போனேன் என்பது பெரிதல்ல, எப்போது வருவேன் என்பதுதான் முக்கியம். ஏழரைக்குச் சொன்னபடி வந்து நின்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு யாரிடமும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. "ஏனுங்க, நாளைக்குப் போறீங்கள்ல? வர்றப்ப தேங்கா வாங்கிட்டு வந்துருங்க" என்று இப்போது மனைவியே சொல்கிறார்.

தூரம் கூடியது வேகத்தால் அல்ல. கிளம்பும் முன் வீணாகும் நேரம் குறைந்ததால்தான். டூ-ஸ்ட்ரோக் வண்டியை வாரம் முழுக்க நிறுத்தி வைத்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போல் படிந்து, பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைத்துவிடும். இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். சோக்கைப் போட்டு, வண்டியைச் சாய்த்து, கிக்கரை உதைத்து உதைத்தே பொழுது விடிந்துவிடும். இதற்கு இரண்டு வழி கண்டேன். ஒன்று, வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தில் இருப்பதை எரித்துக்கொண்டே வந்து சேர்வது. இன்னொன்று, புதன் மாலை மகளைப் பாட்டு வகுப்புக்கு சேத்தக்கிலேயே கூட்டிப் போவது. நாலு தெரு தள்ளித்தான் வகுப்பு. ஆனாலும் வாரத்தின் நடுவில் எஞ்சின் ஒருமுறை சூடாகிவிடுகிறது. மகளுக்கும் எனக்கும் பேச அதுதான் நேரம் என்பதால் அந்தப் புதன்கிழமையை விட மனசு வருவதில்லை.

சனி மாலை காய்கறி வாங்கப் போகும்போதே பெட்ரோலும், அதோடு கலக்க லிட்டருக்கு 20 மில்லி கணக்கில் டூ-டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) போட்டு, காற்றும் பிடித்துவிடுவேன். டூல் பாக்ஸில் ஒரு பிளக், ஒரு கிளட்ச் கேபிள் எப்போதும் இருக்கும். ஸ்டெப்னி முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பொருந்தும் என்பது இந்த வண்டியின் பெரிய வசதி. பஞ்சர் ஆனாலும் கழற்றி மாட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

ஆடி மாதம்தான் உண்மையான சோதனை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கேயிருந்து முகத்தில் அறையும். சேத்தக்கின் அகலமான முன்தகடு அதை முழுசாக வாங்கிக்கொள்ளும். சின்னச் சக்கரம், எஞ்சின் எடை வலப்பக்கம் வேறு. மாதம்பட்டிப் பக்கம் தோப்புகளுக்கு நடுவே திறந்த இடம் வரும்போது வண்டி பக்கவாட்டில் நகர்வது தெரியும். நாலாவது கியரை மறந்து மூன்றாவதிலேயே நிதானமாகப் போனேன். கடிகார விதி இங்கேதான் கைகொடுத்தது. போகும்போது எதிர்காற்று என்றால் வரும்போது பின்காற்று. ஆறரைக்கு எங்கே திரும்பினாலும் ஏழரைக்குள் வீடு நிச்சயம். ஆடிப்பெருக்கை ஒட்டிப் பேரூர் நொய்யல் படித்துறைக்குக் கூட்டம் வரும். அந்த வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

மார்கழி, தை மாதங்களில் வேறு சிக்கல். ஜனவரியில் ஆறரை மணி தாண்டித்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது. இந்த வண்டியின் ஹெட்லைட் எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்துதான் எரியும். மெதுவாகப் போனால் வெளிச்சமும் மங்கிவிடும். அந்த இரண்டு மாதமும் தெருவிளக்கு உள்ள பேரூரோடு நிறுத்திக்கொண்டேன். பட்டீஸ்வரர் கோயில் முன்னால் ஒரு டீ, அப்படியே வீடு. மாசி பிறந்து காலை வெளுக்க ஆரம்பித்த பிறகுதான் பாக்குத் தோப்புகளைத் தாண்டி, வெள்ளியங்கிரி மலை எதிரே முழுசாக நிற்கும் இருட்டுப்பள்ளத்தை முதல் தடவை எட்டினேன்.

பையன் தானும் வருவேன் என்று அழுகிறான். நான் சின்ன வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டே போனவன்தான். அந்தச் சுகம் எனக்குத் தெரியும். ஆனால் அவனை அப்படி நிறுத்த மாட்டேன். நாலு வயது தாண்டிய யாருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது சட்டம். பின்னால் உட்கார ஒருவருக்குத்தான் இடமும் உண்டு. கால் ஃபுட்ரெஸ்டை எட்டட்டும், அவனையும் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அளவுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் வண்டியில் ஏறி ஹாரன் அடிப்பதோடு இப்போதைக்குச் சரி.

அடுத்து ஆழியாறு போக ஆசை. அதற்கு இரண்டு மணி நேரம் போதாது, அரை நாள் வேண்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போகும் வாரத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மனைவிக்கும் பதிலுக்கு அரை நாள் கொடுக்க வேண்டும் என்று கணக்கு வைத்தாகிவிட்டது. அதற்குள் பின் டயரை மாற்றி, கியர் கேபிள் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும்.