ஒரு சீமாறு, 144 தூண்

டில்லி பழைய நாடாளுமன்றத்தை அட்டையில் செய்கிற வேலை ஒருவழியாகத் தூண் வரைக்கும் வந்துவிட்டது. 400-இல் ஒரு பங்கு அளவு. நிஜக் கட்டடத்தின் விட்டம் 560 அடி. என் மேஜையில் 42.7 சென்டிமீட்டர். ஒரு முறத்தளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்குப் பஞ்சமில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, கழித்துப்போட்ட பெட்டி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். உள்ளே இருக்கும் நெளிவு நெட்டுக்குத்தாக வருகிற மாதிரி வெட்டி, ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் ஒற்றி உரித்தால் சுவர் தானாக வளைகிறது. படுக்கைவாட்டில் வெட்டி இரண்டு சுவரை முறித்த பிறகுதான் இது புரிந்தது.

தூண்தான் படுத்தி எடுத்தது. முதல் மாடித் தாழ்வாரத்தைச் சுற்றி 144 தூண்கள், ஒவ்வொன்றும் 27 அடி உயரம். என் கணக்கில் 2 சென்டிமீட்டர். பல்குச்சியில் கூர்முனை போக இரண்டு துண்டுதான் தேறியது. அப்புறம் மூலையில் கிடந்த சீமாறு கண்ணில் பட்டது. பொள்ளாச்சித் தென்னை ஈர்க்கு. அடி தடிமன், நுனி மெலிசு, நடுப்பகுதி மட்டும்தான் ஒரே கனமாக இருக்கும். அதை நறுக்கி உப்புத்தாளில் உருட்டினேன். "ஏஞ்சாமி, வாசக்கூட்ட என்னத்த வெச்சிருக்கற?" என்று அம்மா கேட்டபோது பாதிச் சீமாறு காலி.

வட்டத்தை 144 ஆகப் பிரிப்பது இன்னொரு கூத்து. ஆரத்தின் அளவையே கவராயத்தில் எடுத்துச் சுற்றி வைத்தால் ஆறு பாகம். பாதி, பாதி, பாதி என்று போனால் 48. அதற்குமேல் ஒவ்வொன்றையும் மூன்றாக்க வேண்டும். நான் கண்ணளவை நம்பினேன். எல்லாம் ஒட்டிவிட்டு எண்ணினால் 143! ஒரு கட்டத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டுதான் நின்றது. நிஜத்தில் யார் எண்ணப்போகிறார்கள் என்று விடலாம்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒன்பதைப் பிடுங்கி மறுபடி ஒட்டினேன்.

நிறத்துக்கு வெள்ளை பெயின்ட்டில் ஈரோட்டு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. வெளிர்மஞ்சள் மணற்கல்லேதான் என்று பூரித்துப் போய் ஜன்னலோரம் காயவைத்தேன். நாலே நாள் வெயிலில், வெயில் பட்ட பக்கம் வெளுத்துவிட்டது. மஞ்சளுக்கு வெயில் ஆகாது என்று துணி துவைக்கிற யாரும் சொல்லியிருப்பார்கள். இப்போது கடைச் சாயம்.

செய்யும்போதுதான் படித்தேன்: கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் இதற்கு முதலில் போட்டது முக்கோணத் திட்டமாம். வட்டம்தான் வேண்டும் என்று நின்றவர் இன்னொரு கட்டடக் கலைஞரான லட்யன்ஸ். 1927-இல் வட்டம் திறந்தது. 2023-இல் பக்கத்திலேயே புது நாடாளுமன்றம் முக்கோணமாக எழுந்தது. பேக்கர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்கு வட்டம்தான் பிடிக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது, நடுவில் மைய மண்டபம், சுற்றி மூன்று அவைகள், இடையிடையே மூன்று தோட்ட முற்றங்கள் என்று உள்ளே காற்றாட இடம் விட்டிருக்கிறார்கள். முற்றத்துப் புல்லுக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். சிவப்பு மதிலின் சல்லடை வேலைப்பாட்டுக்குக் கொசுவலைத் துண்டு, பரவாயில்லை ரகம்.

வளாகத்தில் காந்தி உட்கார்ந்திருக்கும் 16 அடிச் சிலை, ராம் சுதார் செய்தது, 1993-இல் வைத்தது. 2024-இல் இடம் மாற்றிவிட்டார்கள். நான் செய்வது பழைய காலத்து வளாகம் என்பதால் முன்வாசலெதிரிலேயே வைத்தேன். என் அளவில் 1.2 சென்டிமீட்டர். தாயம் ஆடுவதற்குத் தேய்க்கிற மாதிரி ஒரு புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்து அடியைத் தட்டையாக்கினேன். தூரத்திலிருந்து பார்த்தால் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏனுங் தம்பி, சர்க்கஸ் கொட்டாயிங்களா?" என்றார். குவிமாடம் இன்னும் ஏறவில்லை, அதனால் அவரையும் குறை சொல்ல முடியாது. 98 அடி விட்டம், எனக்கு ஏழரை சென்டிமீட்டர் வேண்டும். வீட்டில் இருக்கிற கொட்டாங்குச்சி எல்லாமே பெரிசு. குட்டிக் காயாக ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். சீமாறும் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.