அண்ணாமலையார் பிராகாரம் 14 கிலோமீட்டர்

திருவண்ணாமலைக் கோயிலில் அண்ணாமலையார் கருவறைக்கு முன்னால் நமக்குக் கிடைப்பது மூன்று நொடி. பௌர்ணமியன்று அதுவும் நிச்சயமில்லை. கம்பித் தடுப்புகளுக்குள் மணிக்கணக்காக வளைந்து வளைந்து போய், முன்னால் நிற்பவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும்போது தீபாராதனை வெளிச்சத்தில் அவர் ஒரு கணம் மின்னுவார். அதற்குள் "நகருங்க, நகருங்க" என்று குரல் வந்துவிடும். அந்த மூன்று நொடிக்குள் முகத்தில் ஓர் அனல் படும், பாருங்கள், அதற்குத்தான் இத்தனை பேர் இத்தனை தூரத்திலிருந்து வருகிறார்கள். மார்கழிக் குளிரிலும் அந்த அனல் உண்டு. அக்னித் தலமல்லவா! மாதக்கணக்கில் மனசுக்குள் அடுக்கி வைத்த வேண்டுதலில் ஒரு சொல்கூட அப்போது வாய்க்கு வராது. "அப்பா" என்று ஒரு வார்த்தை வரும், கண் நிறைந்துவிடும், அவ்வளவுதான்.

வெளியே வந்து மேற்கே நிமிர்ந்தால் அதே அண்ணாமலையார் மலையாக, கடல் மட்டத்திலிருந்து 2,668 அடி உயரத்துக்கு நிற்கிறார். அங்கே நகரச் சொல்ல யாரும் இல்லை. விடிய விடிய பார்த்துக்கொண்டே நடக்கலாம். உள்ளே கிடைக்காமல் போனதை அவர் வெளியே அள்ளிக் கொடுக்கிறார். இந்தக் கருணையை நினைத்தாலே நெஞ்சு அடைக்கும்.

மலைதான் லிங்கம் என்றால் அதைச் சுற்றிப் போகும் 14 கிலோமீட்டர் சாலை பிராகாரம். கோயில் பிராகாரத்தில் எச்சில் துப்ப மாட்டோம், தண்ணீர் பாட்டிலை வீசிவிட்டுப் போக மாட்டோம். கிரிவலப் பாதையிலும் அப்படித்தான் நடக்க வேண்டும். நேர்த்திக்கடன் தீர்க்க முதல்முறை வருபவர்களுக்குச் சொல்லக்கூடிய எல்லாமே இந்த ஒன்றுக்குள் அடக்கம்.

முதலில் நேரக் கணக்கு. சாதாரண நடையில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் என்றால் 14 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். பாதையில் இருக்கும் எட்டு லிங்கச் சன்னதிகளிலும் ஐந்தைந்து நிமிடம் நின்றால் நாற்பது நிமிடம். பௌர்ணமிக் கூட்டத்தில் நடை பாதியாகக் குறையும் இடங்கள் உண்டு, ஆக ஆறு மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. சித்திரையில் காலை எட்டு மணிக்கெல்லாம் தார்ச்சாலை காலைச் சுட ஆரம்பித்துவிடும். அதிகாலை நாலு மணிக்கு நிதானமாகக் கிளம்புகிறவர்கள் பாதிவழியில் வரும் அடி அண்ணாமலை ஊரைத் தாண்டியதும் தவிப்பது இதனால்தான். பௌர்ணமி என்றால் நள்ளிரவுக்குள் கிளம்பிவிட வேண்டும். மற்ற நாளில் இரண்டு மணி போதும்.

பௌர்ணமிதான் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் இறங்குவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை. வாரத்தின் நடுவே ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள், மலையும் நீங்களும் மட்டும் இருப்பீர்கள்.

தரிசனத்தைக் கிரிவலம் முடித்த கையோடு வைத்துக்கொள்வதும் பலர் செய்யும் தவறு. வீங்கிய காலோடு மூன்று மணி நேரம் வரிசையில் நிற்க உடம்பு ஒத்துழைக்காது, மயங்கி விழுகிறவர்களில் பலர் இப்படி வந்தவர்களே. முந்தைய மாலையே தரிசனம் செய்துவிட்டு நடப்பது உத்தமம். ராஜகோபுர வாசலில் "வரிசையே வேண்டாம், நேரா உள்ளே கூட்டிப் போறேன்" என்று தோளைத் தொடுகிறவர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள். பணம் கைமாறியதும் ஆளைத் தேட வேண்டியிருக்கும். அண்ணாமலையாரைப் பார்க்க வந்த இடத்தில் தரகருடன் மல்லுக்கட்டினால் மனசு கெட்டுவிடும். சீட்டு வேண்டுமென்றால் கோயில் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள்.

பௌர்ணமிக்கு வருகிறவர்கள் தாங்கள் இறங்கிய தற்காலிகப் பேருந்து நிலையம் எந்தச் சாலையில் இருக்கிறது என்பதைக் கண்டிப்பாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செங்கம், வேலூர், திண்டிவனம், வேட்டவலம், அவலூர்பேட்டை என்று சாலைக்கு ஒன்றாக ஊரைச் சுற்றி அமைத்திருப்பார்கள். திரும்பும்போது தூக்கக் கலக்கத்தில் ஊரின் மறுகோடிக்குப் போய் நிற்பவர்களை எல்லாப் பௌர்ணமியிலும் பார்க்கலாம். கைப்பேசி சிக்னலையும் நம்ப முடியாது. பிரிந்துவிட்டால் அடி அண்ணாமலை கோயில் வாசலில் சந்திப்போம் என்று முன்பே பேசி வையுங்கள். குழந்தையின் கையில் பேனாவால் அப்பாவின் எண்ணை எழுதிவிடுங்கள்.

பாதம்தான் இந்தப் பயணத்தின் வாகனம். பத்து நாள் முன்பிருந்தே மொட்டை மாடியில் வெறுங்காலோடு அரை மணி நேரம் நடந்து பழக்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு அப்படியே நடந்தால் தோல் ஊறி, பொடிக்கல் உரசி, ஆறேழு கிலோமீட்டரில் கொப்புளம் கிளம்பிவிடும். ஒரு சின்னத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, கழுவியதும் விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு நடக்க வேண்டும். கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது, மேல்தோல்தான் அதற்குக் கட்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலருக்குக் கண்ணாடிச் சில்லு குத்தினாலும் உறைக்காது, வீட்டுக்குப் போன பிறகுதான் புண் தெரியும். அவர்கள் அடிப்பாகம் கெட்டியான காலணி போட்டு நடப்பதில் எந்தத் தோஷமும் இல்லை. அவன் உள்ளத்தைப் பார்க்கிறவன்.

பூத நாராயணர் கோயிலில் உத்தரவு வாங்கி, ராஜகோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் முதலில் வருவது இந்திர லிங்கம். மலை எப்போதும் நமக்கு வலப்பக்கம் இருக்கும், நாம் சாலையின் இடது ஓரத்தில் போக வேண்டும். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கும் வழி. பெரியவர்கள் வகுத்த இந்த முறைக்குள் ஒரு நடைமுறை அறிவும் இருக்கிறது. எல்லாரும் ஒரே திசையில் ஒரே ஓரமாகப் போனால் நெரிசல் வராது, ஆம்புலன்ஸ் போக வழி இருக்கும். ஐந்து பேர் கைகோத்துச் சாலையை அடைத்துக்கொண்டு போவதும், படம் எடுக்க நடுவில் சட்டென்று நிற்பதும்தான் பின்னால் வருபவர்களைத் தடுக்கி விழ வைக்கின்றன. நிறைமாதக் கர்ப்பிணி நடப்பது போல நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்னி லிங்கம் மட்டும் வலப்பக்கம் இருப்பதால் அங்கே பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும், கவனம். பிறகு செங்கம் சாலையில் ரமணாசிரமம். 1896-ல் பதினாறு வயதில் இங்கே வந்த ரமணர் 1950-ல் உடம்பை விடும்வரை இந்த மலையை விட்டு அகலவில்லை. அந்த வாசலைத் தாண்டும்போது பேச்சைக் குறைத்தால் நல்லது. எம லிங்கம் தாண்டி, செங்கம் சாலையிலிருந்து வலப்பக்கம் திரும்பியதும் வண்டிச் சத்தம் பின்னால் போய்விடும். இரண்டு பக்கமும் மரங்கள். பாதையின் நல்ல பகுதி இனிமேல்தான்.

இந்தப் பச்சை தானாக வந்ததில்லை. சம்பந்தர் இந்த மலையின் அருவிகள் முழவு போல அதிர்வதைப் பாடினார். அப்படிப்பட்ட மலை விறகுக்கும் மேய்ச்சலுக்கும் ஆளாகி, போன நூற்றாண்டில் மொட்டைப் பாறையாகக் கிடந்தது. கடந்த சில பத்தாண்டுகளாகத் தன்னார்வலர்களும் வனத்துறையும் மழை தொடங்கியதும் கன்று நட்டு, கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டி, இந்த அளவுக்கு மீட்டிருக்கிறார்கள். தீத்தடுப்புக் கோடு என்றால், மலைச்சரிவில் ஓர் அகலத்துக்குக் காய்ந்த புல்லைச் சுத்தமாக அறுத்து எடுத்துவிடுவது. தீ அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் அணையும். மாசியிலிருந்து ஆனி வரை மலைப்புல் காய்ந்து சருகாக நிற்கும். ஒரு பீடித் துண்டு போதும், அல்லது வேலி ஓரமாக ஏற்றி வைத்துவிட்டுப் போன ஒரு கற்பூரம். பக்தியோடு ஏற்றிய சுடர் அண்ணாமலையாரின் மேனியையே எரித்துவிடும். லிங்கச் சன்னதிகளில் அதற்கென்று வைத்திருக்கும் இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். சாலையில் ஏற்றினால் தார் இளகிக் கறுக்கும், அணைந்த பிறகும் சுடும், பின்னால் வரும் குழந்தை அதை மிதிக்கும். அகல் விளக்கு எண்ணெய் சிந்திய இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறியும் பாட்டிகளும் உண்டு.

காட்டுக்குள்ளே புள்ளிமான்கள் இருக்கின்றன. அன்னதானச் சோறு ஒட்டிய பிளாஸ்டிக் பையை மான் உப்புச்சுவைக்காக மெல்லும், அது வயிற்றில் அடைத்துக்கொள்ளும், மான் மெலிந்து சாகும். குரங்குக்கு பிஸ்கெட் போட்டால் அது சாலையிலேயே குடியிருந்து, அடுத்த மாதம் வரும் பெண்ணின் கைப்பையைப் பறிக்கும். புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்கிறோம். அதன் வயிற்றுக்கு இறைவன் காட்டில் வைத்திருப்பது போதும்.

அன்னதானம் செய்கிறவர்களை இங்கே கையெடுத்துக் கும்பிட வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் சுடச்சுடப் பொங்கல் நீட்டும் அந்தக் கைகள் அவன் கைகள்தான். வேண்டிக்கொண்டு அன்னதானம் போட வருகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மந்தாரை இலையோ பாக்குமட்டைத் தட்டோ கொண்டு வாருங்கள். ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. நூறு பேருக்கு ஒரு குப்பைக்கூடையாவது நீங்களே வைத்து, முடிந்ததும் நீங்களே எடுத்துப் போக வேண்டும். தயிர்ச்சாதம் இரவிலும் நான்கைந்து மணி நேரத்தில் புளித்துவிடும், பெரிய அண்டாவில் மொத்தமாகக் கலக்காமல் தீரத் தீரக் கலக்குங்கள். வாங்குகிறவர்கள் "பாதி போதும் அண்ணா" என்று சொல்லத் தயங்கக் கூடாது. பாதையோரம் கொட்டிக் கிடக்கும் சோற்றை மிதித்துக்கொண்டு "நமசிவாய" சொல்ல நாக்கு கூச வேண்டும். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலும் ஒரு மஞ்சப்பையும் கையில் இருந்தால் உங்கள் பங்குக் குப்பை உங்களோடு வீடு வரும்.

அடி அண்ணாமலை ஓர் ஊர். அங்கே பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும். மாதாமாதம் லட்சக்கணக்கான கால்கள் தங்கள் வாசலைத் தாண்டிப் போவதை அந்த மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், திண்ணையில் படுத்தாலும் எழுப்புவதில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்டால் செம்பில் கொண்டுவந்து தருகிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரோரம் ஒதுங்குவது மகாபாவம். பாதையில் கழிப்பறைகள் இருக்கின்றன. வரிசை நீளம் என்றாலும் நிற்க வேண்டியதுதான்.

இந்த ஊர்க் கோயிலில் கொஞ்சம் உட்காருங்கள். இங்கே உள்ளே கூட்டம் குறைவு, யாரும் விரட்ட மாட்டார்கள். மணிவாசகர் நின்று பாடிய இடம் பக்கத்திலேயே. விடிகிற நேரத்துக்கு இங்கே வந்து சேர்ந்தால் மலைக்குப் பின்னால் வானம் கருநீலத்திலிருந்து மெல்ல மெல்லச் சிவப்பதைப் பார்க்கலாம். முகட்டுக்குப் பின்னாலிருந்து முதல் வெளிச்சம் எட்டிப் பார்க்கும்போது கார்த்திகைத் தீபத்தையே மறுபடி பார்ப்பது போல இருக்கும். நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் தாமாக நின்றுவிடுவார்கள். எங்கிருந்தோ ஒரு கிழவர் "அண்ணாமலையாருக்கு" என்று ஆரம்பிப்பார், அறியாத ஐம்பது பேர் "அரோகரா" என்பார்கள். என்ன கேட்க வந்தோம் என்பதே மறந்துபோகும். கேட்காமலேயே கொடுத்துவிட்டானே என்று மட்டும் தோன்றும். நோய் தீர்ந்தவர், பிள்ளை பிறந்தவர், ஒன்றுமே நடக்காமல் இருந்தும் வந்துகொண்டேயிருப்பவர், எல்லாருக்கும் கண்ணில் ஒரே நீர்தான்.

வாயு லிங்கம், குபேர லிங்கம் வரிசைகள் நகராது. குபேரரிடம் மட்டும் அரை மணி நேரத்துக்குக் குறையாது. குறுகலான வழியில் ஊர்ந்து நுழைந்து வெளியே வர வேண்டிய இடுக்குப் பிள்ளையார் சன்னதிக்குள் நுழைய விரும்புகிறவர்கள் இடுப்பிலிருக்கும் கைப்பேசி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் எடுத்து வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிட்டு, கைகளை முதலில் நீட்டி, ஒருக்களித்துப் படுத்து நகர வேண்டும். நேராகக் குப்புற நுழைந்தால் தோள் மாட்டும், பயத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தால் மார்பு விரிந்து இன்னும் இறுகும். மூச்சை விட்டுக்கொண்டே நகருங்கள்.

மலையின் ஐந்து முகங்களும் தெரியும் பஞ்சமுக தரிசன இடத்தைத் தாண்டியபின் வரும் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் கஷ்டம். மரம் இல்லை, கடைகளும் வண்டிகளும் மறுபடி வந்துவிடும். ஆட்டோக்காரர் கூப்பிடுவார், கால் கெஞ்சும். ஈசான்ய லிங்கம் வரை வாயில் உப்புக் கலந்த எலுமிச்சை நீரும் ஐந்தெழுத்தும் இருந்தால் போதும். அவ்வழியில் மலைச்சரிவில் நெருக்கமாக ஏறிப் போயிருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது 2024 டிசம்பர் 1 நினைவுக்கு வரும். ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரே வீட்டுக்குள் ஏழு உயிர்கள் புதைந்தன. அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மலையேற வனத்துறை தடை விதித்தால் அதை மீறி ஏறுவதில் பக்தி எதுவும் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரு தீபம் ஏற்றுங்கள்.

கார்த்திகைத் திருவிழா சமயம் என்றால் மாட வீதியில் கரும்புத் தொட்டில்கள் வரும். வேண்டிப் பெற்ற பிள்ளையைப் புடவைத் தூளியில் கிடத்தி, கரும்பின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை அம்மாவும் தோளில் தாங்கி வலம் வருவார்கள். இந்த ஊரை ஆண்ட, பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்குத் தானே பிள்ளையாகி, இன்றும் ஆண்டுதோறும் திதி கொடுக்கிற சாமி இது. கரும்புத் தோகையின் ஓரம் கத்தி மாதிரி அறுக்கும், முகத்தில் உரசாமல் நடுப்பகுதித் தோகையை முன்பே உரித்துவிடுங்கள். கழித்த தோகையை வீதியில் போடாமல் கட்டிக்கொண்டு போனால் மாடு வைத்திருப்பவர் யாராவது வாங்கிக்கொள்வார்.

217 அடி ராஜகோபுரம் மறுபடி கண்ணில் படும்போது நடை தானாக வேகமெடுக்கும். தேரடியில் கும்பிட்டுவிட்டு, பாதத் தூசியைத் தட்டாமல் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து மேற்கே பாருங்கள். இரவு முழுக்க வலத்தோளோடு கூடவே வந்தவர் கிளம்பிய இடத்திலேயே அசையாமல் நிற்கிறார். உண்ணாமுலைத் தாயே, அப்பனே, நடக்கக் கால் கொடுத்தாய், அது போதும். அரோகரா.