பெரியப்பா வீடு பார்க்க வந்தார்

பெரியப்பாவைக் கூப்பிடாதேடா என்று தம்பியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டானா?

புரோக்கர் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். "ஏழு மணிக்கு எல்லா வீடும் ஊட்டிதான், மூணு மணிக்குக் காட்டச் சொல்லு" என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். அக்னி நட்சத்திரம், மதியம் மூணு மணி, வேளச்சேரி. கடல்காத்து அன்றைக்குப் பார்த்து லீவு. அந்த வெயிலில் அவரும் அவர் குடையும் முன்னால் போக, நாங்கள் பின்னால்.

மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் என்று புரோக்கர் ஆசையாகக் காட்டிக்கொண்டிருக்க, இவர் நேராக மேற்குப் பக்க பெட்ரூமுக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். "ராத்திரி பன்னெண்டு வரைக்கும் இது ஆறாது. ஏசி பில்லையும் இப்பவே இ.எம்.ஐ.யோட சேர்த்து எழுதிக்கோ."

கீழே பார்க்கிங்கில்தான் கச்சேரி களைகட்டியது. சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புது பெயின்ட். "டிசைன் சார்" என்றார் புரோக்கர். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. குடை நுனியால் முழங்கால் உயரத்தில் சிமென்ட் வைத்து அடைத்திருந்த நாலு ஓட்டைகளைத் தொட்டார். அப்படியே குடையைத் தூக்கி, தலைக்கு மேல் இருந்த ஈ.பி. மீட்டர் பெட்டியைக் காட்டினார்.

"இது எதுக்குய்யா மேல ஏறிச்சு?"

"காத்தோட்டத்துக்கு சார்."

பிறகு பாடம். தென்சென்னை ஏரிகளெல்லாம் நிரம்பினால் உபரித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடல். போகிற வழியில் நாம் ஹால், கிச்சன் கட்டி வைத்தால் அது யார் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போகும்? புரோக்கர் கண்ணில் தண்ணீர் வராத குறை. அதற்குள் வாசல் அயர்ன் வண்டிக்காரர் கேட்காமலேயே சேர்ந்துகொண்டார். "2015ல போட்லதான் எல்லாரையும் இறக்குனாங்க."

"அது ஒருவாட்டிதான் சார், செம்பரம்பாக்கம் ஏரியைத் தொறந்தப்ப!"

"செம்பரம்பாக்கம் தண்ணி அடையாத்துல போச்சுய்யா. இங்க எப்படி வந்துது, ஆட்டோ புடிச்சா?"

"2023லயும் வந்துது" என்றார் அயர்ன்காரர், ஒரு சட்டையைத் திருப்பிப் போட்டபடி.

புரோக்கர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "மழைன்னா காரைப் பத்திக் கவலையே படாதீங்க சார். மேம்பாலம் கிட்டக்கவே இருக்கு. ரெட் அலர்ட் சொன்னதுமே போயிட்டா நல்ல இடம் கிடைக்கும்." மேம்பாலத்தைப் பார்க்கிங் வசதியில் சேர்த்து வீடு விற்கிற ஒரே ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது தம்பிக்குக் கோபம். மாம்பலத்தில் மழைக்கு மழை ஃபிரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றுகிறவர் நமக்குப் புத்தி சொல்கிறாரே என்று. வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"அது பழகின தண்ணிடா" என்றார் பெரியப்பா. "எத்தனையாவது படியில நிக்கும்னு எனக்குத் தெரியும். உனக்கு இது புதுசு. குழந்தையை வெச்சிண்டு ராத்திரியில எங்க போய் நிப்பே?"

தம்பி அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. கிண்டி வந்ததும் வண்டியை ஓரங்கட்டி அவருக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான், ஐஸ் போடாமல்.

நேற்று புரோக்கர் மறுபடி போன். விலையைக் குறைக்கிறார்களாம். "பெரியப்பா நவம்பர்ல வந்து ஒருதரம் பார்த்துட்டுச் சொல்றேங்கறார்" என்றேன்.

"நவம்பர்லயா? அப்ப எப்படி சார் உள்ள வருவீங்க?"