பச்சைப் பட்டையில் நீல எழுத்து

இரண்டு வருடம் முன்னால் அக்கா கல்யாணப் படங்கள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை லினக்ஸ் லேப்டாப்பில் செருகி, டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் திரை) எல்எஸ் அடித்தேன், ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியல் போடும் கட்டளை அது. கண்ணைக் குத்தியது. எல்லா ஃபோல்டர் பெயரும் பச்சைப் பட்டைமேல் நீல எழுத்தில், வெள்ளையடிக்க வந்தவர் மிச்சமிருந்த பெயின்ட்டையெல்லாம் ஒரே சுவரில் தீர்த்துவிட்டுப் போன மாதிரி. ஒரு பெயரையும் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. உள்ளே போனால் படங்கள் எல்லாம் பளீர்ப் பச்சை. என் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் ஜேபெக் படங்கள் மெஜந்தாவில்தானே வரும், இங்கே மட்டும் ஏன் பச்சை?

அப்போது அதையெல்லாம் யோசிக்கவில்லை. நிறம் பிடிக்கவில்லை, மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். அந்தக் கதைதான் இது. (கட்டளைகளை நாம் வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்எஸ் நிறம் எதையும் பூசுவதில்லை. ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு எஸ்கேப் எழுத்தும் சில எண்களும் அனுப்புகிறது, அவ்வளவுதான். 30 முதல் 37 வரை எழுத்தின் நிறம், 40 முதல் 47 வரை பின்னணி, 01 என்றால் தடித்த எழுத்து. சாதாரண ஃபோல்டருக்கு 01;34, அதாவது தடித்த நீலம். அந்த 34 எந்த நீலம் என்பதை முடிவு செய்வது டெர்மினல். கறுப்புத் திரையில் ஃபோல்டர் பெயர் தெரியவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு டெர்மினல் செட்டிங்ஸில் அந்த ஒரு நீலத்தை வெளுக்க வைத்தாலே போதும், இதற்குமேல் படிக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு, எல்எஸ் நிறங்களை அமைக்கும் டிர்கலர்ஸ். எச். பீட்டர் ஆன்வின் எழுதிய சின்னக் கருவி, லினக்ஸில் எல்எஸ் கூடவே வரும். அதை ஹைஃபன் பி போட்டு ஓட்டினால் அதனுள்ளேயே இருக்கும் இயல்பான நிறப் பட்டியல் முழுவதையும் விளக்கக் குறிப்புகளோடு திரையில் கொட்டும். அதை ஹோம் ஃபோல்டரில் புள்ளி டிர்கலர்ஸ் என்ற பெயரில் சேமித்துவிட்டு வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். உபுண்டுவில் பாஷ்ஆர்சி ஃபைலே (ஷெல், அதாவது நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம், தொடங்கும்போது படிக்கும் ஃபைல்) அந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். அங்கே போய்ப் பார்த்தால் அதே டிர்கலர்ஸை ஹைஃபன் பி போட்டுத்தான் கூப்பிட்டிருப்பார்கள், ஆனால் அது வேறு பி. பட்டியலைக் காட்டுவது பிரின்ட்டின் பி, ஷெல்லுக்கு மாற்றிக் கொடுப்பது போர்ன் என்ற ஷெல் வகையின் பி. தமிழில் எழுதினால் இப்படி ஒரு சங்கடம்.

கடைசியில் எல்லாம் சேர்ந்து எல்எஸ் அண்டர்ஸ்கோர் கலர்ஸ் என்ற ஒரே நீளமான சூழல் மாறியாகிறது (புரோகிராம்கள் எடுத்துப் படிக்க ஷெல் வைத்திருக்கும் மதிப்பு). எக்கோ செய்து பார்த்தால் கோலன் போட்டுப் பிரித்த ரயில் வண்டி மாதிரி ஓடும். அதைக் கையால் திருத்தப் போகாதீர்கள், பட்டியல் ஃபைலிலேயே மாற்றுங்கள். 8 நிறம் போதாது என்றால் 38;5 என்று போட்டு, அடுத்து 0 முதல் 255 வரை ஒரு எண் தரலாம். என் ஃபோல்டர்கள் இப்போது 01;38;5;75, கண்ணை உறுத்தாத வெளிர்நீலம்.

அந்தப் பட்டியலில்தான் என் எதிரியைக் கண்டுபிடித்தேன். அதர் ரைட்டபிள், 34;42. பச்சைமேல் நீலம். யாரோ வேண்டுமென்றே இந்த ஜோடியைப் போட்டிருக்கிறார்கள் என்று திட்டிவிட்டு, அதையும் சாதாரண ஃபோல்டர் நிறமாகவே ஆக்கினேன். அழகாகிவிட்டது.

அதே ஃபைலை அப்படியே வேலை செய்த இடத்து சர்வருக்கும் காப்பி செய்தேன். அதுதான் வினை. அங்கே ஏதோ ஒரு அவசரத்தில் ஒருவர் அப்லோட் ஃபோல்டருக்கு 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்துவிட்டு மறந்துவிட்டார், நானும் தினமும் அந்தப் பக்கம் போய்வந்தேன், என் திரையில் அது மற்ற ஃபோல்டர்கள் போலவே சமர்த்தாக வெளிர்நீலத்தில் உட்கார்ந்திருந்தது. மாதக்கணக்கில். வேறு எதற்கோ ஃபைண்ட் கட்டளை ஓட்டியபோதுதான் மாட்டியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற ஃபோல்டரைக் காட்டத்தான் அந்தக் கோரமான பச்சை. அதே திறந்த ஃபோல்டருக்கு ஸ்டிக்கி பிட் இருந்தால் கறுப்பு எழுத்து, 30;42, டெம்ப் ஃபோல்டரில் பார்த்திருப்பீர்கள். ஸ்டிக்கி இருந்தால் அடுத்தவர் ஃபைலை அழிக்க முடியாது. கறுப்பா நீலமா என்பதில் அவ்வளவு சங்கதி இருக்கிறது. எனக்குத்தான் அது அலங்காரமாகத் தெரிந்தது. இப்போது சர்வர்களில் அதர் ரைட்டபிளுக்கு நான் வைத்திருப்பது 97;41, சிவப்புமேல் வெள்ளை. பார்த்தால் பதற வேண்டும்.

இன்னொரு முட்டாள்தனமும் இதே காலத்தில் நடந்தது. நிறத்தை ஆட்டோ என்று விட்டால், வெளியீடு திரைக்குப் போகிறதா ஃபைலுக்குப் போகிறதா என்று பார்த்து, திரைக்கு மட்டும் எல்எஸ் நிறம் அனுப்பும். நான் எல்எஸ்ஸுக்கு வைத்திருந்த ஏலியஸில் (சுருக்கக் கட்டளை) ஆல்வேஸ் என்று போட்டு வைத்திருந்தேன், வெளியீட்டைப் பைப்பில் லெஸ்ஸுக்கு அனுப்பிப் பக்கம் பக்கமாகப் பார்க்கும்போதும் நிறம் வேண்டுமே என்ற ஆசையில். ஒருநாள் படங்களின் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, அதை வரி வரியாகப் படித்து காப்பி செய்யப் பார்த்தால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. ஃபைலைத் திரையில் காட்டும் கேட் கட்டளை போட்டுப் பார்த்தால் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பெயர்கள் எப்படி மெஜந்தாவில் வருகின்றன என்று அரைமணி நேரம் எனக்கு உறைக்கவே இல்லை. கேட் கூட ஹைஃபன் பெரிய ஏ சேர்த்த பிறகுதான் ஒவ்வொரு பெயருக்கும் முன்னும் பின்னும் எஸ்கேப் குப்பை தெரிந்தது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேறு பாடம். அங்கே இருப்பது பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் வழி வந்த எல்எஸ். மாறியின் பெயரில் அண்டர்ஸ்கோர் கிடையாது, எண்களும் கிடையாது, ஜோடி ஜோடியாக எழுத்துகள், ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது எழுத்தின் நிறம், இரண்டாவது பின்னணி. ஃபைல் எக்ஸ்டென்ஷனுக்கு நிறம் கொடுக்க வழியே இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

சரி, ஹார்ட் டிஸ்க்குக்கு வருகிறேன். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட். அதில் லினக்ஸ் பாணி அனுமதிகள் நமக்கு வேண்டியபடி இல்லாததால், மவுன்ட் ஆகும்போது (லினக்ஸ் டிஸ்க்கைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும்போது) எல்லாவற்றுக்கும் 777 என்று காட்டப்பட்டிருந்தது. அதனால் ஃபோல்டர்கள் அதர் ரைட்டபிள். படங்கள் ஏன் பச்சை என்பதற்கும் அதுதான் பதில். ஒரு ஃபைலுக்கு ஓட்டும் அனுமதி இருந்தால் எல்எஸ் அதைப் புரோகிராம் என்று எடுத்துக்கொண்டு பச்சை கொடுத்துவிடும், எக்ஸ்டென்ஷன் வரைக்கும் போகாது. எந்த அனுமதியும் அதிகமாக இல்லாத சாதாரண ஃபைலுக்குத்தான் ஜேபெக்கா ஜிப்பா என்று பெயரின் வாலைப் பார்க்கும். அதுவும் வாலை மட்டும்தான், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கவிதை எழுதிய டெக்ஸ்ட் ஃபைலுக்கு ஜிப் என்று பெயர் வைத்தால் சிவப்பில் காட்டும்.

ஆக, மாற்ற வேண்டியது நிறத்தை அல்ல, மவுன்ட்டை. போன வாரம்தான் சோம்பலை விட்டு எந்த டிஸ்க்கை எப்படி மவுன்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்க்குக்கு ஒரு வரி எழுதினேன். எஃப்மாஸ்க் 133, டிமாஸ்க் 022, அதாவது ஃபைல்களிலும் ஃபோல்டர்களிலும் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்ற எண்கள். ஃபைல்கள் 644, ஃபோல்டர்கள் 755 என்று வந்துவிடும், சொந்தக்காரர் மட்டும் எழுதலாம். முதல் தடவை யூஐடி (சொந்தக்காரரின் பயனர் எண்) போட மறந்ததில் எல்லாம் ரூட்டுக்கு, அதாவது நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகி, என் டிஸ்க்கில் நானே எழுத முடியாமல் நின்றேன். யூஐடி 1000 சேர்த்து மறுபடி மவுன்ட் செய்து எல்எஸ் அடித்தேன். பச்சைப் பட்டை போயிற்று. நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ரிசப்ஷன் மூன்று ஃபோல்டரும் வெளிர்நீலம், உள்ளே படங்கள் வரிசையாக மெஜந்தா. இரண்டு வருடமாக அக்கா கேட்டுக்கொண்டிருந்த அந்த முகூர்த்தப் படங்களை இன்னும் அனுப்பவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.